ஐஸும் தண்ணீரும் காத்திருந்த பாதை: பழைய அமெரிக்க ரயில்களில் பழம், இறைச்சி, கால்நடை

கேட்டது இது: வேகனுக்குள் குளிர்சாதன இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில், கலிபோர்னியாவில் பறித்த பழம் 3,000 மைல் தள்ளி இருக்கும் நியூயார்க் மண்டிக்கு அழுகாமல் எப்படிப் போய்ச் சேர்ந்தது? ஆடு, மாடு, பன்றிகளை நாள்கணக்கில் எப்படி உயிரோடு கொண்டுபோனார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், பழத்துக்கு ஐஸ் போட்டார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். ஆனால் ஏற்றிய இடத்தில் போட்ட ஐஸ் கோடையில் கடைசி வரை தாங்காது. அங்கே காட்டிய தண்ணீரும் தாங்காது. போகிற வழி நெடுக அடுத்த ஐஸும் அடுத்த தண்ணீரும் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஐஸ் வேகனைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகனைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அது ஒரு கெட்டியான மரப்பெட்டி, அவ்வளவுதான். ஒரு கண்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாதையே அதற்காகத் தயாராக நின்றதுதான் பெரிய காரியம்.

முதல் முயற்சிகளில் ஒன்று 1851-ல் நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் உள்ள ஆக்டன்ஸ்பர்க்கிலிருந்து எட்டு டன் வெண்ணெய், மரத்தூள் அடைத்த வேகனில் ஐஸோடு பாஸ்டனுக்குப் போனது. அப்போதெல்லாம் ஐஸ் ஆலை கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கோடைவரை சேமிப்பார்கள். இந்த வியாபாரத்தைப் பெரிதாக்கிய பாஸ்டன்காரர் ஃபிரெடரிக் டியூடர். அவருடைய ஐஸ் கப்பலேறி மதராஸ் வரை வந்தது. மெரினா கடற்கரை எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ‘ஐஸ் ஹவுஸ்’, அந்த ஐஸை வைக்க 1842-ல் கட்டியதுதான். நான்கு மாதம் கடலில் தாங்கிய ஐஸ் நான்கு நாள் ரயிலில் தாங்காதா என்று தோன்றும். கப்பலின் வயிறு முழுக்க ஐஸ்தான், ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும். வேகனில் கொஞ்சம் ஐஸ், நிறைய சரக்கு. அதுவும் வெயிலில் காய்ந்த கூரைக்குக் கீழே. கணக்கே வேறு.

அடுத்தது இறைச்சி. சிகாகோவிலிருந்து கிழக்கு நகரங்களுக்கு மாடுகள் உயிரோடுதான் போய்க்கொண்டிருந்தன. ஒரு மாட்டின் எடையில் எலும்போடு சேர்த்துக் கறியாகத் தேறுவது ஏறக்குறைய அறுபது சதவீதம். மிச்சமுள்ள தலை, தோல், குடலுக்கும் சேர்த்துத்தான் ரயில் கூலி. போதாததற்கு, போகிற வழியில் மாடு இளைக்கும், சிலது சாகும். சிகாகோவிலேயே அறுத்துக் கறியாக அனுப்பினால் என்ன என்று பலர் முயன்றார்கள். டெட்ராய்ட்டின் வில்லியம் டேவிஸ் 1868-ல் ஒரு வேகனுக்குக் காப்புரிமை வாங்கினார். இறைச்சி வியாபாரி ஜார்ஜ் ஹாமண்ட் அதை வாங்கி ஓட்டிப் பார்த்தார். கறியை மேலே கொக்கிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். வளைவில் ரயில் திரும்பும்போது அத்தனை கறியும் ஒரே பக்கமாக ஊசலாடி வேகனைத் தடம் புரள வைத்தது. அப்புறம் சிகாகோ இறைச்சி வியாபாரி கஸ்டாவஸ் ஸ்விஃப்ட், ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளரை வைத்து 1880-ஐ ஒட்டி ஒரு நல்ல வேகனைச் செய்தார். மேலே ஐஸ், கீழே அசையாமல் நெருக்கி அடுக்கிய கறி. குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கிவிடும்.

வேகன் வந்துவிட்டது, ஆனால் இழுக்கத்தான் ஆள் இல்லை. பெரிய ரயில் கம்பெனிகள் மாட்டு வேகன்களிலும் வழியோரப் பட்டிகளிலும் ஏராளமாகப் பணம் போட்டிருந்தன. மாடு கறியாகச் சுருங்கினால் அவற்றுக்குக் கூலியும் சுருங்கும். கடைசியில், மாட்டுப் போக்குவரத்து அதிகம் இல்லாத கனடாவின் கிராண்ட் டிரங்க் ரயில்வே சம்மதித்தது. சுற்றுவழிதான், இருந்தாலும் ஸ்விஃப்ட் அதில் அனுப்பினார். வழியில் ஐஸ் நிரப்ப நிலையங்களையும் அவரே போட வேண்டியிருந்தது.

வேகன் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். பழ வேகனின் இரண்டு முனைகளிலும் தரையிலிருந்து கூரை வரை ஒரு ஐஸ் அறை. கூரையில் நான்கு மூலைக்கு நான்கு மூடிகள். இரண்டு அறையும் சேர்த்துச் சுமார் 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன் ஐஸ் பிடிக்கும். ஐஸைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனமாகி, அறையின் அடியில் உள்ள திறப்பு வழியாகத் தரையோடு பரவும். பழத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறி, கூரையை ஒட்டி ஓடி, மறுபடி ஐஸ் அறையின் தலைப்பக்கம் போகும். மோட்டார் இல்லை, விசிறி இல்லை. சக்கர அச்சிலிருந்து சுற்றும் விசிறிகள் 1940-களில்தான் பரவலாயின. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோ கலோரி வெப்பத்தை விழுங்கும். ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கும்போது வெளியேறும் அளவு அது. இத்தனை மலிவாக இத்தனை சூட்டை வாங்கும் பொருள் வேறு எது இருந்தது?

கறிக்கு இந்தக் குளிர் பத்தாது என்றால் ஐஸை நொறுக்கி உப்புக் கலப்பார்கள். உப்பு விழுந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போகும். ஆனால் உருகிய உப்புத்தண்ணீர் வேகனின் அடிக்குழாய் வழியே தண்டவாளத்திலும் இரும்புப் பாலங்களிலும் சொட்டிச் சொட்டி அரித்தது. இந்தத் தொல்லை தாங்காமல், கறி வேகன்களில் உப்புத்தண்ணீரைத் தேக்கி, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் திறந்துவிடும் ஏற்பாடு வந்தது.

இப்போது ஐஸ் மேடைக்கு வருவோம். கலிபோர்னியாவின் ரோஸ்வில் ஊரில் பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் ஐஸ் ஆலை இருந்தது. யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் என்ற இரண்டு ரயில்வேக்கள் சேர்ந்து 1906-ல் தொடங்கிய கம்பெனி அது. ஒரு கட்டத்தில் சுமார் 40,000 ஐஸ் வேகன்கள் அதனிடம் இருந்தன. ஆரம்பத்தில் மேலே சியரா மலையில் ட்ரக்கி பக்கத்துக் குளங்களில் அறுத்த ஐஸ் பயன்பட்டது. பிறகு அந்த இடத்தை ஆலை ஐஸ் பிடித்தது. ரோஸ்வில் ஆலை உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது.

மேடை வேகன் கூரையின் உயரத்தில், ஒரு முழு ரயில் நீளத்துக்குப் போகும். ரயில் அதை ஒட்டி மெல்ல வந்து நிற்கும். 300 பவுண்டு பாளங்கள் மேடையின் நடுவே ஓடும் சங்கிலியில் வரிசையாக வந்துகொண்டிருக்கும். ஒருவர் கூரையில் ஏறி மூடியைத் திறப்பார். இன்னொருவர் ஈட்டி போன்ற நீளக் கம்பியால் பாளத்தைக் கொத்தி இழுப்பார். பாளம் சிறு பலகைப் பாலத்தில் வழுக்கிக்கொண்டு கூரைக்கு வரும். அங்கே நாலு குத்து; துண்டு துண்டாக உடைந்து உள்ளே விழும். குத்துகிற இடத்தில் பிழைக்கக் கூடாது. பாளம் பெரிதாகவே விழுந்தால் ஐஸ் அறையில் சந்துகள் விட்டுப்போகும், பொடியாகிவிட்டால் சீக்கிரம் உருகிவிடும். ஒரு வேகனுக்குச் சில நிமிடம்தான். அடுத்த மூடி, அடுத்த வேகன். ஈரமான கூரை, கையில் கூர்க்கம்பி, காலடியில் வழுக்கும் பலகை. ராத்திரி இரண்டு மணிக்கு ரயில் வந்தாலும் இதே வேலை. கிழக்கே மலையும் பாலைவனமும் தாண்டும் வரை ஏறக்குறைய நாளுக்கு ஒரு தடவை இப்படி எங்காவது நிரப்பியாக வேண்டும். ஒரு மேடையில் ஆள் குறைந்தாலும் ரயில் தாமதம், பின்னால் வரும் எல்லா வேகனும் தாமதம். அந்த ஆட்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

கீரை வகைக்கு இன்னொரு முறையும் உண்டு. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து லெட்டூஸ் போகும்போது, அடுக்கிய பெட்டிகளுக்கு மேலேயே நொறுக்கிய ஐஸைக் குழாய் வழியாக வாரி இறைப்பார்கள். நம் ஊரில் மீனுக்கு மேல் ஐஸைக் கொட்டுவது போலத்தான். உருகும் தண்ணீர் இலைகளை வாடவிடாது.

பழம் செத்த சரக்கு இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பறித்த பிறகும் அது மூச்சு விடும், சூடு விடும். ஸ்ட்ராபெர்ரி, பட்டாணி போன்றவை மிக அதிகமாக விடும். வயலின் சூட்டோடு ஏற்றினால் முதல் நாள் ஐஸ் முழுக்க அந்தச் சூட்டை இறக்கவே செலவாகிவிடும். அதனால் ஏற்றுவதற்கு முன்போ, ஏற்றிய கையோடோ குளிர்ந்த காற்றை ஊதிப் பழத்தை ஆற்றினார்கள். எல்லாவற்றுக்கும் ஐஸ் தேவையும் இல்லை. உருளைக்கிழங்குக்குக் கூரை மூடிகளைத் தூக்கி முட்டுக்கொடுத்தாலே போதும்; ஓடும் ரயிலில் காற்று தானாகப் புகும். ஜனவரியில் வடக்கே போகும்போது கவலை தலைகீழாகிவிடும். சரக்கு உறைந்துபோகக் கூடாதே என்று அதே ஐஸ் அறையில் கரி அடுப்பு வைப்பார்கள்.

வாழைக்காய்தான் இதில் மிகச் செல்லமான சரக்கு. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் இறங்கிய பச்சைத் தார்களை இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே வடக்கே கொண்டுபோகும். 13, 14 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்து மங்கும், பிறகு சரியாகப் பழுக்காது. மேலே போனால் வண்டியிலேயே பழுத்துவிடும். நம் வீட்டில் வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் வாழை ரயில்களோடு ஒரு ஆள் கூடவே போவார். நிற்கும் இடத்தில் எல்லாம் இறங்கி வேகன் வேகனாகச் சூடு பார்த்து, மூடியைத் திற, மூடு, ஐஸ் போடு என்று சொல்வது அவர் வேலை. கென்டக்கி மாநிலத்தின் ஃபுல்டன் என்ற சின்ன ஊர் இந்த ரயில்களுக்கு ஐஸ் நிரப்பும் இடமாக இருந்தே பேர் வாங்கியது. 1960-களில் அங்கே வாழைப்பழத் திருவிழாவே நடத்தினார்கள். அந்த ஊரைச் சுற்றி ஒரு வாழைத்தோப்பும் கிடையாது.

இத்தனை செய்தும் ஆரஞ்சு அழுகியது. 1900-களின் தொடக்கத்தில் கலிபோர்னியா விவசாயிகள் ரயில்வேயைக் குறை சொன்னார்கள். ரயில்வே ஐஸைக் காட்டியது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஜி. ஹெரால்ட் பவல் வந்து தோப்பிலிருந்தே பார்த்தார். பறிக்கும் கத்தரியின் நுனி தோலில் பட்ட சிறு கீறல், காம்பை நீளமாக விட்டதால் பக்கத்துப் பழத்தில் ஏறிய குத்து, கூடையைக் கவிழ்க்கும்போது பட்ட அடி. நீலப் பூஞ்சை இதன் வழியாகத்தான் உள்ளே போனது. தோல் முழுசாக இருந்த பழம் நன்றாகவே போய்ச் சேர்ந்தது. பறிப்பவர்கள் நிதானமாகப் பறிக்கப் பழகிய பிறகு அழுகல் வெகுவாகக் குறைந்தது.

வேகனைச் சரி செய்தவர்களில் நான் முதலில் சொல்வது மேரி எங்கிள் பென்னிங்டன் பெயரைத்தான். 1872-ல் பிறந்த வேதியியலாளர். 1908-ல் வேளாண்மைத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார். பெண் என்றால் வேலை தர மாட்டார்கள் என்பதால், அரசுத் தேர்வில் எம். இ. பென்னிங்டன் என்றுதான் பெயர் போனது. அவர் ஆபீஸில் உட்கார்ந்து வேகனை அளக்கவில்லை. சரக்கு ரயிலிலேயே போய், வேகனுக்குள் எந்த மூலை எவ்வளவு சூடு என்று வெப்பமானி வைத்துக் குறித்தார். ஐஸ் இருந்தும் நடுவில் இருக்கும் பெட்டிகள் குளிரவில்லை. காற்று சுற்ற வழியில்லாமல் சரக்கைத் தரையோடும் சுவரோடும் ஒட்டி அடைத்திருந்தார்கள். தரையில் சட்டங்கள் போட்டுச் சரக்கைத் தூக்கி வைப்பது, ஐஸை நாலு பக்கமும் காற்றுப் படும்படி கம்பிக் கூடையில் போடுவது, ஐஸ் அறைக்கும் சரக்குக்கும் நடுவே நல்ல தடுப்புச் சுவர் வைப்பது போன்றவை முதல் உலகப் போர்க் காலத்தில் அரசு வகுத்த வேகன் வடிவத்தில் இடம் பிடித்தன. அதில் அவருடைய உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

வியாபாரத்திலும் ஒரு விசித்திரம் இருந்தது. வாங்க ஆள் கிடைக்கும் முன்பே வேகனை ஏற்றிக் கிழக்கே அனுப்பிவிடுவார்கள். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தந்தியில் விலை பேசி, சிகாகோவுக்குப் போக வேண்டியதை பிட்ஸ்பர்குக்கோ பாஸ்டனுக்கோ திருப்புவார்கள். அதனால் எந்த வேகன் எந்த நேரம் எந்தச் சந்திப்பைத் தாண்டியது என்று ரயில்வே நாள்தோறும் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான வேகன்களுக்குக் கையெழுத்துப் பேரேட்டில் இதைச் செய்த குமாஸ்தாக்கள் ஐஸ் குத்தியவர்களுக்குச் சற்றும் குறைந்தவர்கள் இல்லை.

சரி, இனி கால்நடை.

மாட்டு வேகனுக்கு அடைத்த சுவர் இருக்காது. காற்றுப் போக இடைவெளி விட்டுப் பலகை அடித்திருக்கும். ஆட்டுக்கும் பன்றிக்கும் இரண்டு அடுக்கு. தரையில் மணலோ வைக்கோலோ. மாடுகளை நெருக்கமாகத்தான் நிறுத்துவார்கள். பார்க்கக் கொடுமையாகத் தெரியும், ஆனால் தாராளமாக விட்டால் ரயில் குலுங்கும்போது ஒன்றன்மேல் ஒன்று விழும். விழுந்த மாட்டை மற்றவை மிதித்தே கொன்றுவிடும். இன்ஜினுக்குப் பக்கத்தில் இந்த வேகன்களைக் கோப்பதும் இதற்காகத்தான். இணைப்புகளின் தளர்ச்சியால் வரும் வெட்டு ரயிலின் வாலில்தான் அதிகம். மந்தையோடு வரும் ஆள் கடைசியில் கார்டு பெட்டியில் இருப்பார். மேற்கத்தியப் பாதைகளில் அவர்களுக்கென்றே படுக்கைப் பலகை வைத்த பெட்டிகள் உண்டு. ரயில் நிற்கும்போதெல்லாம் லாந்தரையும் நீளக் கழியையும் எடுத்துக்கொண்டு வேகன் ஓரமாக நடந்து, படுத்துவிட்ட மாட்டைப் பலகை இடுக்கு வழியாகக் குத்தி எழுப்புவார். மாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ‘கவ்போக்’ என்ற பெயர் வந்ததே, ரயிலில் மாடு ஏற்றும்போது கழியால் குத்தியதால்தான்.

பன்றிக்கு வியர்க்காது, கோடையில் சூடேறியே செத்துவிடும். அதனால் வழியில் தண்ணீர் அடிப்பார்கள். அதிலும் பக்குவம் வேண்டும். சூடு தலைக்கேறிய பன்றியின் முதுகில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் அதுவே அதைக் கொன்றுவிடும். முன்கூட்டியே மணலை நனைத்து வைக்க வேண்டும்.

ஆரம்ப காலத்தில் நாலைந்து நாள் தண்ணீரே காட்டாமல் ஓட்டியிருக்கிறார்கள். அதை எதிர்த்து எழுந்த குரலால் 1873-ல் ஒரு சட்டம் வந்தது: தொடர்ந்து 28 மணி நேரத்துக்கு மேல் விலங்குகளை வேகனில் வைத்திருக்கக் கூடாது, இறக்கி, தீவனமும் தண்ணீரும் தந்து, குறைந்தது ஐந்து மணி நேரம் இளைப்பாற விட வேண்டும். அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1906-ல் புதிதாக எழுதினார்கள். மீறினால் 100 முதல் 500 டாலர் அபராதம். மாட்டுக்காரர் எழுதிக் கேட்டால் 36 மணி நேரம் வரை நீட்டலாம். ஆனால் அந்தக் கடிதம் அச்சடித்த சரக்கு ரசீதோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ‘சம்மதம்’ என்று அச்சடித்துவிடுவார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் படித்த சட்டங்களில் மாட்டின் பக்கம் நின்று யோசித்த வரி இது.

இந்த 28 மணி நேரம்தான் பாதையோரப் பட்டிகளின் இடத்தை நிர்ணயித்தது. ரயில் ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓடுமோ, அந்தத் தூரத்துக்குள் ஒரு பட்டி, கிணறு, வைக்கோல் போர். வழியில் இன்ஜின் கோளாறு, பனிப்பொழிவு என்றால் நேரம் கரையும். கண்ட்ரோலர் கையில் கடிகாரத்தோடு, எங்கே இறக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். இறக்குவதும் லேசில்லை. ஒவ்வொரு வேகனாகச் சாய்தளத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். இருட்டில் மிரண்ட மாடு சாய்தளத்தில் கால் வைக்காது. ஆடுகளுக்கு மட்டும் ஒரு சுலபம்: பழக்கிய ஒரு ஆடு முன்னால் போனால் மந்தை பின்னாலேயே போகும். அறுப்புக் கூடத்துக்கும் அதுவே கூட்டிப்போகும் என்பதால் அதற்கு யூதாஸ் ஆடு என்று பெயர்.

இன்னொரு சிக்கல் டெக்சாஸ் காய்ச்சல். தெற்கு மாடுகள் ஆரோக்கியமாகவே இருக்கும். அவை நடந்த இடத்தில் மேய்ந்த வடக்கு மாடுகள் சாகும். உண்ணிதான் நோயைப் பரப்புகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் எஃப். எல். கில்போர்னும் 1893-ல் நிறுவினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தெற்கு மாடு ஏற்றிய வேகனில் தனி அட்டை, இறக்கத் தனிப் பட்டி, கழுவி மருந்தடித்த பிறகே அடுத்த சரக்கு என்று நடந்தது.

எல்லாப் பாதையும் சிகாகோவில் முடிந்தது. ஒன்பது ரயில் கம்பெனிகள் சேர்ந்து 320 ஏக்கர் சதுப்பு நிலத்தில் கட்டிய யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தை 1865 கிறிஸ்துமஸ் அன்று திறந்தது. ஊருக்குள் நுழையும் முன் மாண்ட்கோமரி போன்ற இடங்களில் ஆடுகளை இறக்கித் தேற்றி, இழந்த எடையைக் கொஞ்சம் மீட்டபின் சந்தைக்கு அனுப்புவார்கள்.

இதெல்லாம் போனது சில பத்தாண்டுகளில்தான். உறைந்த ஆரஞ்சுச் சாறு, உறைந்த காய்கறிகளுக்கு ஐஸும் உப்பும் போதவில்லை. 1950-களில் டீசல் குளிர்சாதனம் பொருத்திய வேகன்கள் பெருகின. நெடுஞ்சாலைகள் வந்ததும் லாரி தோப்பிலிருந்து மண்டிக்கே நேராகப் போனது. 1970-களின் தொடக்கத்தில் பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் ஐஸ் போடுவதை நிறுத்தியது, மேடைகளைப் பிரித்துவிட்டார்கள். சிகாகோ பட்டிகள் 1971-ல் மூடின. அவற்றின் சுண்ணாம்புக்கல் வாசல் மட்டும் இன்றும் நிற்கிறது. நடு வளைவின் மேலிருந்து கல்லில் செதுக்கிய ஒரு மாட்டுத் தலை தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.